சனிக்கிழமை காலைப் பூசை உண்டா?

குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் தென்காசிக்காரர்கள் வீட்டில் விருந்தாளிகளுக்குக் குறைவே இராது. வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸிலோ ரயிலிலோ வந்து இறங்குவார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அருவி, அருவி, அருவிதான். எங்களைப் போன்ற கத்தோலிக்கக் குடும்பமாக இருந்தால் பையைக் கீழே வைக்கும்போதே ஒரு கேள்வி வரும். "ஞாயிற்றுக்கிழமை பூசை எத்தனை மணிக்கு?" அதற்குப் பதில் சொல்வது சுலபம். கூட வந்திருக்கிற பெரியம்மாவோ சித்தியோ சற்றுப் பொறுத்து மெதுவாக இன்னொன்று கேட்பார்கள். "நாளைக்குக் காலையிலே பூசை உண்டாம்மா?"

இந்தக் கேள்விக்குத்தான் பட்டென்று பதில் சொல்ல முடிவதில்லை. திங்கள் முதல் வெள்ளி வரை விடியற்காலைப் பூசை நடக்கிற பல பங்குகளில் சனிக்கிழமை மட்டும் அது மாலைக்குப் போய்விடுகிறது. சில இடங்களில் முதல் சனிக்கு மட்டும் காலையில் உண்டு. சில இடங்களில் அந்த வாரம் கல்யாணம் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. தென்காசி மிக்கேல் அதிதூதர் கோயிலுக்குத்தான் போக வேண்டும் என்று சொல்லி வருகிறவர்களிடம்கூட, "கோயில் வாசல் பலகையைப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்" என்பதுதான் என் வழக்கம். போன மாதம் பார்த்த நேரம் இந்த மாதம் செல்லும் என்று நான் யாருக்கும் ஜாமீன் நிற்பதில்லை.

இதைப் படிக்கும் மற்ற மதத்துச் சகோதரிகளுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். பூசை என்று நாங்கள் சொல்வது திருப்பலியை. சாமியார் அப்பமும் ரசமும் ஒப்புக்கொடுக்க, நாங்கள் நன்மை வாங்குவோம். ஞாயிறு கட்டாயம். மற்ற நாட்கள் அவரவர் விருப்பம். ஆனால் தினப்பூசைக்குப் போய்ப் பழகியவர்களுக்கு அது காலைக் காப்பி மாதிரி. ஒரு நாள் தவறினால் அன்றைக்கெல்லாம் என்னவோ போலிருக்கும்.

அதிலும் சனிக்கிழமை மாதாவின் நாள். திருவழிபாட்டு ஆண்டின் சாதாரணக் காலத்தில், வேறு கட்டாய நினைவு எதுவும் வராத சனிக்கிழமைகளில் மாதாவின் பூசையையே வைக்கலாம் என்று திருச்சபையின் நாட்காட்டியே இடம் கொடுக்கிறது. 1917-ல் போர்ச்சுகல் நாட்டு பாத்திமாவில் மாதா காட்சி கொடுத்த மூன்று பிள்ளைகளில் மூத்தவர் லூசியா. பிற்பாடு மடத்தில் சேர்ந்த அவருக்கு 1925 டிசம்பரில் மீண்டும் மாதா தோன்றி, தொடர்ந்து ஐந்து மாதம் முதல் சனிக்கிழமைகளில் பாவசங்கீர்த்தனம் செய்து, நன்மை வாங்கி, செபமாலை சொல்லி, கால் மணி நேரம் தியானிக்கச் சொன்னதாக வரலாறு. எங்கள் பக்கத்துப் பெண்கள் பலர் இந்த ஐந்து சனியையும் ஒரு விரதம் போலவே பிடிப்பார்கள். நாலு முடிந்து ஐந்தாவது சனியன்று பூசை கிடைக்காமல் போனால் அவர்கள் படுகிற பாட்டைப் பார்க்க வேண்டுமே!

"மாலையில்தான் பூசை இருக்கிறதே, போக வேண்டியதுதானே?" என்று ஆண்கள் கேட்பார்கள். இவரும் கேட்டார். வீட்டில் இருக்கிறவளுக்குத்தான் தெரியும் காலைக்கும் மாலைக்கும் உள்ள வித்தியாசம். காலை ஐந்தே முக்காலுக்கு வீடு தூங்கிக்கொண்டிருக்கும். இட்லி மாவு பொங்கி இருக்கும். சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பி, ஏழு மணிக்குள் திரும்பி அடுப்பைப் பற்ற வைத்துவிடலாம். நான் போனதே பாதிப் பேருக்குத் தெரியாது. சாயங்காலம் அப்படியா? சனிக்கிழமை என்றால் காலையிலிருந்தே எண்ணெய்க் குளியல், ஒரு வாரத்துத் துணி, வீடு கழுவல். அது முடிவதற்குள் காப்பி நேரம் வந்துவிடும். ஆறு மணிக்கு விருந்தாளி அருவியிலிருந்து பசியோடு வந்து நிற்பார்கள். அந்த நேரத்தில் செபமாலையை எடுத்துக்கொண்டு கிளம்பினால், சாமி கும்பிடுகிற மனசோடு கோயிலில் உட்கார முடியுமா, சொல்லுங்கள்.

ஆனால் நான் இதைப் பற்றி விசாரிக்கக் கிளம்பியது என் சௌகரியத்துக்காக அல்ல, என் அத்தைக்காக. என் மாமியாருக்கு எண்பத்து நாலு வயது. இருபது வருஷமாகச் சர்க்கரை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அவர்களால் நிற்க முடியாது. அதனால் ஞாயிறு பூசையை வீட்டிலேயே டி.வி.யில் பார்ப்பார்கள். வாரத்தில் கோயிலுக்குப் போவது ஒரே ஒரு நாள், சனிக்கிழமை காலை. அன்றைக்கு என் மகனுக்குக் காலேஜ் இல்லை, வண்டியில் வைத்துக் கூட்டிப் போவான். இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது பூசை மாலைக்கு மாறியது. எந்தப் பங்கு என்று எழுதவில்லை. எங்கள் வட்டாரத்தில் இது பல இடங்களில் நடந்ததுதான்.

போன வருஷம் ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, "நான் வந்தே தீருவேன்" என்று அத்தை பிடிவாதமாகக் கிளம்பினார்கள். மதியம் சாப்பிட்டது அரை வயிறு. நன்மை வாங்க வேண்டுமே என்று சாயங்காலக் காப்பியும் வேண்டாம் என்றுவிட்டார்கள். பூசை முடிந்து வெளியே வந்தால் நல்ல சாரல். ரோட்டில் குற்றாலத்திலிருந்து திரும்புகிற வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கின்றன. ஆட்டோ நகரவே இல்லை. என் தோளில் சாய்ந்திருந்த அத்தைக்கு அந்தக் குளிரிலும் ஆறாக வியர்த்தது. கை நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது. ஆட்டோ டிரைவர் இறங்கி ஓடிப்போய்ப் பக்கத்துக் கடையில் ஒரு டம்ளர் தண்ணீரில் சர்க்கரையைப் போட்டுக் கலக்கிக்கொண்டு வந்தார். அந்தப் பிள்ளை நன்றாக இருக்கட்டும். குடித்துக் கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்தது. மறுநாள் டாக்டர், "இனிமேல் இருட்டின பிறகு வெளியே கூட்டிப் போகாதீர்கள்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுகிற பெரியவர்களைக் கோயிலுக்குக் கூட்டிப் போகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். திடீர் வியர்வை, நடுக்கம், படபடப்பு, தடுமாற்றம் வந்தால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று சந்தேகப்பட வேண்டும். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து உடனே கொடுக்கலாம். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் ஒரு முறை. தெளிந்த பிறகு பிஸ்கட்டோ இட்லியோ கட்டாயம் சாப்பிட வேண்டும். நினைவு தப்பிவிட்டால் மட்டும் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். நேரே ஆஸ்பத்திரிதான்.

அத்தை போன்றவர்கள் ஏன் இப்படி வயிற்றைக் காயப் போடுகிறார்கள் தெரியுமா? அவர்கள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது முந்தின நாள் நடுராத்திரி முதல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல்தான் நன்மை வாங்க வேண்டும். 1953-ல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் தண்ணீர் குடித்தால் உபவாசம் முறியாது என்று தளர்த்தினார். 1957-ல் மூன்று மணி நேர உபவாசம் போதும் என்றார்கள். 1964-ல் ஆறாம் சின்னப்பர் காலத்தில் அது ஒரு மணி நேரமானது. இப்போது நடப்பில் இருக்கிற 1983-ம் வருஷத்துத் திருச்சபைச் சட்டம், தண்ணீரும் மருந்தும் எப்போது வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்கிறது. வயதானவர்கள், நோயாளிகள், அவர்களைக் கவனித்துக்கொள்கிறவர்கள் இவர்களுக்கு அந்த ஒரு மணி நேரக் கட்டாயமும் கிடையாது. இதை நானே அத்தையிடம் சொன்னபோது நம்பவில்லை. "ஏளா, நீ உன் இஷ்டத்துக்குச் சட்டம் போடாதே" என்றார்கள். சாமியார் வாயால் கேட்ட பிறகுதான் காப்பி டம்ளரைக் கையில் வாங்கினார்கள்!

அந்தச் சாமியாரைப் பார்க்கப் போனது சனிக்கிழமை விஷயமாகத்தான். எங்கள் அன்பியத்துப் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து போனோம். கோயிலுக்கு வெளியே ஒரு பேச்சு இருந்தது. மாலையில் கூட்டம் வரும், காணிக்கை வரும், அதனால்தான் மாற்றிவிட்டார்கள் என்று. அவர் கோபப்படாமல் அலமாரியிலிருந்து சட்டப் புத்தகத்தையே எடுத்து வைத்து விளக்கினார். ஒரு சாமியார் ஒரே நாளில் எத்தனை பூசை வைத்தாலும், காணிக்கை ஒரு பூசைக்குத்தான் அவருக்குச் சேரும். கிறிஸ்துமஸ் மட்டும் விதிவிலக்கு. மற்றதை ஆயர் குறித்திருக்கிற காரியத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். ஆகக் காசுக் கணக்கு அடிபட்டுப் போயிற்று.

உண்மையான கணக்கு வேறே. சாதாரணமாக ஒரு சாமியார் நாளைக்கு ஒரு பூசைதான் வைக்கலாம். சாமியார்கள் பற்றாத இடத்தில், தகுந்த காரணம் இருந்தால் ஆயர் அனுமதியோடு இரண்டு. ஞாயிறிலும் கடன் திருநாளிலும் தேவைப்பட்டால் மூன்று. இப்போது ஒரு சனிக்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள். காலை ஆறுக்கு ஒன்று. பத்தரைக்குக் கல்யாணப் பூசை. மாலை ஐந்துக்குக் கிளையூரில் ஒன்று. ஆறரைக்குப் பங்குக் கோயிலில் நவநாளோடு ஒன்று. ஆக நாலு! "மாலைப் பூசை ஞாயிறு கணக்குத்தானே சாமி?" என்று எங்களில் ஒருத்தி மடக்கினாள். பூசை காண்கிற நமக்குத்தான் அது ஞாயிறு கணக்காம். சட்டத்தில் நாள் என்பது நடுராத்திரி முதல் நடுராத்திரி வரை. ஆகவே வைக்கிறவருக்கு அது சனிக்கிழமைக் கணக்கிலேயே விழுகிறது. கல்யாணத்தைத் தள்ள முடியாது. கிளையூரை விட முடியாது. வெட்டுப்படுவது காலைப் பூசை.

மாலைப் பூசையே புதுசுதான் என்பதையும் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். அதே 1953-ல்தான் மாலை நாலு மணிக்குப் பிறகு பூசை வைக்க ஆயர்கள் அனுமதி கொடுக்கலாம் என்று வந்தது. சனிக்கிழமை மாலையில் பூசை கண்டாலே ஞாயிறு கடன் தீரும் என்பதற்கு 1967-ல் ரோமாபுரியிலிருந்து வந்த ஏடு ஒழுங்கு வகுத்தது. 1983 சட்டம் அதை உலகம் முழுவதுக்கும் பொதுவாக்கியது. சனிக்கிழமைக் காலை இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாக இளைத்தது.

பங்குகளின் பரப்பையும் பார்க்க வேண்டும். தென்காசி 2019 நவம்பரில்தான் தனி மாவட்டமானது. கத்தோலிக்க நிர்வாகத்தில் நாங்கள் பாளையங்கோட்டை மறைமாவட்டம். மதுரையிலிருந்து 1973 மே மாதம் பிரிக்கப்பட்டது. ஆவுடையானூர், சேந்தமரம் போல நிறையக் கிறிஸ்தவர்கள் வாழ்கிற ஊர்களும் உண்டு, பத்துக் குடும்பம் மட்டும் இருக்கிற ஊர்களும் உண்டு. அந்தப் பத்துக் குடும்பத்துக்கும் பூசை வேண்டாமா? அந்தக் காலத்தில், வீரமாமுனிவர் இருந்த காமநாயக்கன்பட்டி போன்ற ஊர்களைத் தவிர மற்றக் கிராமங்களில் சாமியார் எப்போது வருவார் என்று காத்துக் கிடந்திருக்கிறார்கள். உபதேசியார் செபம் சொல்லிக் கொடுப்பார், அதுதான் அவர்களுக்கு வழிபாடு. அதை நினைத்தால் வாரம் ஒரு நாள் போனதற்கு நாம் அழுவது கொஞ்சம் அதிகமாகத்தான் தெரியும். என்றாலும் அத்தைக்கு இருக்கிறதே அந்த ஒரு நாள்தான்.

நாங்கள் வெறுங்கையோடு போகவில்லை. மாலையில் வரவே முடியாதவர்கள் யார் யார் என்று என் மகளின் பழைய நோட்டில் எழுதிக்கொண்டு போனோம். பதினொரு பேர். எட்டுப் பேர் எழுபதைத் தாண்டியவர்கள், கண் மங்கியவர்கள். இரண்டு பேர் படுக்கையில் இருக்கிறவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள். ஒருத்தி ராத்திரி வேலைக்குப் போகிறவள். சாமியார் அதைப் படித்துவிட்டு, "இத்தனை பேரும் காலையில் வருவீர்களா? மழையென்றால் வீட்டிலேயே இருந்துவிட மாட்டீர்களே?" என்றார். வருவோம் என்றோம்.

முடிவு என்னவென்றால், முதல் சனிக்கிழமை மட்டும் காலை ஆறு மணிக்குப் பூசை. அன்று மாலை பங்குக் கோயிலில் செபமாலையும் நவநாளும் மட்டும், பூசை இல்லை. கிளையூர்ப் பூசையில் கை வைக்கவில்லை. கல்யாணம் வந்தால், அன்றைக்கு வேறு சாமியார் உதவிக்குக் கிடைக்கிறாரா என்று பார்ப்பதாகச் சொன்னார்.

எல்லோருக்கும் சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன். எங்கள் தெருவில் பீடி சுற்றுகிற பெண் ஒருத்தி. நாள் முழுக்கச் சுற்றி, கட்டி, கம்பெனியில் கொடுத்துவிட்டு வந்த பிறகுதான் அவளுக்கு மூச்சு. சனிக்கிழமை மாலைப் பூசைதான் அவளுக்கு உள்ள ஒரே நேரம். "அக்கா, முதல் சனியைக் காலைக்குக் கொண்டுபோயிட்டீங்க, நான் அஞ்சு சனி பிடிக்கணும்னு இருந்தேனே, இனி நான் எங்கே போக?" என்று என் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டாள். அதைக் கேட்டு அத்தையும், "எனக்காக அவ பூசையை வாங்கிட்டியா?" என்றார்கள். இரண்டு பேருக்கும் என்ன பதில் சொல்வது? காலையில் வரக் கூடியவர்களும் மாலையில் வரக் கூடியவர்களும் ஒரே பங்கில்தானே இருக்கிறோம். மாதம் ஒரு காலையாவது கிழவர்களுக்கு என்று இருக்க வேண்டும் என்பதில் மட்டும் நான் மாறவில்லை. கடைசியில் அந்தப் பெண் முதல் சனிகளில் கிளையூர் மாலைப் பூசைக்குப் போவது என்று முடிவாயிற்று. அவளைக் கொண்டுவிட்டுக் கூட்டிவருவது என் மகன் பொறுப்பு.

மற்றச் சனிக்கிழமைகளுக்கு என்ன வழி? கன்னியர் மடங்களை விசாரியுங்கள். மடத்துச் சிற்றாலயங்களில் பெரும்பாலும் விடியற்காலையிலேயே பூசை இருக்கும். மதர் சுப்பீரியரிடம் முன்னதாகக் கேட்டுக்கொண்டால் பின் பெஞ்சில் ஓர் இடம் கொடுக்க மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். அத்தையை இரண்டு முறை அப்படிக் கூட்டிப் போயிருக்கிறேன். கூட்டமில்லை, படியில்லை, அவர்களுக்கு அதுவே பிடித்துப்போயிற்று. எழுந்து நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே நற்கருணை கொண்டுவருவார்கள். அதைக் கேட்டு வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பெயரைப் பங்கு அலுவலகத்தில் கொடுத்தால் போதும். ஒரு சிறு மேசையில் வெள்ளைத் துணி விரித்து, மெழுகுவத்தி ஏற்றி, ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துக் காத்திருங்கள்.

கல்யாண வீட்டுப் பெண்கள் பலர் சனிக்கிழமை பத்தரைப் பூசையைக் கண்டுவிட்டு, ஞாயிறு கடன் முடிந்தது என்று பட்டுச்சேலையை மடித்துவைத்துவிடுகிறார்கள். அது செல்லாது. முந்தின நாள் மாலைதான் ஞாயிறுக்குச் சேரும், முந்தின நாள் காலை சேராது.

இன்னொன்று, பெரிய சனிக்கிழமை காலையில் நம் பங்குக் கோயில்களில் பூசை தேடாதீர்கள். ஈஸ்டர் பூசை ராத்திரியில்தான். இதிலும் அத்தைக்கு ஒரு வழக்கு உண்டு. அவர்கள் சிறுமியாக இருந்தபோது பெரிய சனிக்கிழமை காலையிலேயே அல்லேலூயா பாடி மணி அடித்துவிடுவார்களாம். நான் அதை நம்பாமல் சாமியாரிடம் கேட்டேன். சரிதான் என்றார். 1951-ல் ராத்திரிக்கு மாற்றிப் பார்க்க ஆரம்பித்து, 1956 முதல் எல்லா இடத்திலும் கட்டாயமாக்கினார்களாம். "பார்த்தியா!" என்று அத்தை ஒரு வாரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சீசனுக்கு வருகிற சகோதரிகள் வெள்ளிக்கிழமை மாலைக்குள் அந்தந்தப் பங்கு அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்டுவிடுங்கள். போனில் பழைய நேரம் காட்டினால் அதை நம்பிப் பிள்ளைகளை எழுப்பாதீர்கள். காலைப் பூசை உண்டென்றால் ஐந்தரைக்கே கிளம்பிவிடலாம், அந்நேரம் ரோடு காலியாக இருக்கும். பெரியவர்கள் பையில் ஒரு ஸ்வெட்டர், மாத்திரை, இரண்டு பிஸ்கட், ஒரு சிறு டப்பாவில் சர்க்கரை. பூசை முடிந்ததும் அவர்களை முதலில் சாப்பிட வைத்துவிட்டு, அப்புறம் அருவிக்குப் போங்கள்.